ஜூரி டியூட்டிக்குக் கூப்பிட்டால் என்ன கேட்பார்கள், யாரை வைத்துக்கொள்வார்கள்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஜூரி டியூட்டிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, வரச்சொல்லி கோர்ட்டிலிருந்து தபால் வந்திருக்கிறது. அங்கே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாமே, என்ன கேட்பார்கள்? எதை வைத்து ஒருவரை எடுக்கிறார்கள், ஒருவரை அனுப்புகிறார்கள்? எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. "இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடு" என்கிறார்கள் நண்பர்கள். சொல்லலாமா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சொல்லாதீர்கள். குடியுரிமை நேர்காணலில் ஆங்கிலத்தில் படித்து, எழுதி, பேசித் தேறி வந்தவர் நீங்கள். கோர்ட்டில் கேள்வி தொடங்கும் முன்பே உண்மையைச் சொல்வதாக உறுதிமொழி வாங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு "தெரியாது" என்றால் அது பொய். இது சட்டத்தின் பக்கம். இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2009-இல் நான் ஒரு பள்ளியில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். அமெரிக்கா வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஒரு திருட்டு வழக்குக்கு ஜூரி தேர்வு நடந்தது. என்னோடு இன்னும் பதினேழு பேர் முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தோம். அரசுத் தரப்பு வக்கீல் ஒவ்வொருவரிடமும் ஓரிரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்தார். என்னிடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, வார்த்தை வார்த்தையாக நிறுத்தி, "இதுவரை நடந்தது எல்லாம் உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்டார். புரிந்தது என்றேன். இரண்டு நிமிடம் கழித்து வேறு விதமாக அதையே கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். அந்தப் பதினெட்டுப் பேரில் வேறு யாரிடமும் அந்தக் கேள்வி போகவில்லை. மறுநாள் காலை எழுந்து நின்று, "ஏழாம் எண் ஜூரருக்கு நன்றி கூறி விடுவிக்கிறோம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காரணம் சொல்லவில்லை. அன்றைய விதிப்படி, யாரும் ஆட்சேபிக்காத வரை, அவர் சொல்லவும் வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மூன்று கேள்விகள் விடவில்லை. பிற்பாடு வக்கீல்களுக்கு உதவியாக வேலை செய்வதற்கான பாராலீகல் படிப்பு முடித்து ஒரு சட்ட அலுவலகத்தில் சேர்ந்தேன். எத்தனையோ ஜூரி தேர்வுகளில் வக்கீல் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கலிஃபோர்னியா நடைமுறையைச் சொல்கிறேன். மற்ற மாநிலங்களிலும், மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டிலும் விவரங்கள் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான்.

முதலில், உங்கள் பெயர் அவர்களிடம் எப்படிப் போனது? வாக்காளர் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ் பட்டியல், 2022 முதல் மாநில வருமான வரி கட்டுபவர்கள் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர் பெயர்களை எடுக்கிறது. லைசென்ஸ் பட்டியலில் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் எச்-1பி விசாவில் இருப்பவர்களும் உண்டு என்பதால் அவர்களுக்கும் இந்தத் தபால் வரும். இதைப் படிப்பவர்களில் அப்படி யாராவது இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். "நான் குடிமகன் அல்ல" என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். தவறிப்போய்கூட "குடிமகன்" என்று குறித்துவிடாதீர்கள். குடியேற்றச் சட்டத்தில் அது மிகப் பெரிய சிக்கலைக் கொண்டுவரும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. குடியுரிமைத் தேர்வுக்கான கேள்விகளைப் படித்தபோதே, ஜூரியில் பணியாற்றுவது குடிமக்களுக்கு மட்டும் உரியது என்று பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறுப்புதான் இப்போது தபாலில் வந்திருக்கிறது.

போகாமல் விட்டால் கலிஃபோர்னியாவில் முதல் தடவை 250 டாலர், அடுத்தது 750, அதற்கும் மேல் 1500 டாலர் வரை அபராதம் போடலாம். தேதி ஒத்துவரவில்லை என்றால் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். உடல்நிலை, பாலூட்டும் குழந்தை, வீட்டில் உங்களை மட்டுமே நம்பியிருக்கும் நோயாளி, தாங்க முடியாத பண இழப்பு, இவையெல்லாம் விலக்குக் கேட்கத் தகுந்த காரணங்கள். வேலை கொடுப்பவர் இதற்காக உங்களை வேலையைவிட்டு எடுக்க முடியாது. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கோர்ட் கொடுப்பது இரண்டாம் நாளிலிருந்து தினம் 15 டாலர். சான் பிரான்சிஸ்கோவில் 2022-இல் குறைந்த வருமானம் உள்ள ஜூரர்களுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாள்கூலிக்கு வேலை செய்பவர், ஓட்டல் சமையலறையில் நிற்பவர், வண்டி ஓட்டுபவர் எல்லாம் "கட்டுப்படியாகாது" என்று முதல் மணி நேரத்திலேயே விலகிப் போய்விட்டால், மிஞ்சுவது மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான். ஒரு கேள்விகூடக் கேட்காமலேயே ஜூரியின் நிறம் அங்கே மாறிவிடுகிறது.

சரி, அந்த நாளுக்கு வருவோம்.

காலையில் பெரிய ஹாலில் உட்காரவைப்பார்கள். சில சமயம் மாலை வரை யாரும் கூப்பிடாமலே போகும். அப்படியானால் உங்கள் முறை அந்த ஒரே நாளோடு முடிந்தது. கூப்பிட்டால் ஒரு கூட்டமாக கோர்ட் அறைக்குப் போவீர்கள். நீதிபதி, இரண்டு தரப்பு வக்கீல்கள், கிரிமினல் வழக்கு என்றால் குற்றம் சாட்டப்பட்டவரும் இருப்பார். உள்ளே நுழைகிற உங்களை அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. தன் தலையெழுத்தை எழுதப் போகிறவர்கள் யார் யார் என்று தேடுகிற பார்வை அது.

உறுதிமொழி முடிந்ததும் நீதிபதி வழக்கு என்ன, எத்தனை நாள் ஓடும் என்று சொல்வார். விலக்குக் கேட்பவர்களை முதலில் முடித்துவிட்டு, குலுக்கலில் வந்த வரிசைப்படி பன்னிரண்டு பேரையோ பதினெட்டுப் பேரையோ முன்னால் உட்காரவைப்பார்கள். மீதிப் பேர் பின்னால் பார்வையாளர் இருக்கையில். பின்னால் இருந்தாலும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருங்கள். முன்னால் ஒருவர் போனதும் அந்த இடத்துக்கு வருபவரிடம், "இதுவரை கேட்ட கேள்விகளில் எதற்காவது உங்களுக்குச் சொல்ல இருக்கிறதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இந்தக் கேள்விச் சுற்றுக்கு 'வுவார் டீர்' என்று பெயர். நார்மன்கள் காலத்துப் பிரெஞ்சு. உண்மையைச் சொல்வது என்று பொருள். உங்கள் அறிவைச் சோதிப்பது நோக்கம் இல்லை. சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதைச் சுமந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நீதிபதியின் கேள்விகள் பெரும்பாலும் அச்சடித்த தாளிலேயே இருக்கும். எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள், என்ன வேலை, வாழ்க்கைத் துணைக்கு என்ன வேலை, பிள்ளைகள் பெரியவர்கள் என்றால் அவர்களுக்கு என்ன வேலை, இதற்கு முன் ஜூரியில் இருந்தீர்களா (இருந்தால், என்ன தீர்ப்பு என்று சொல்லக் கூடாது, முடிவுக்கு வந்தீர்களா என்பதை மட்டும் சொல்ல வேண்டும்), நீங்களோ நெருங்கியவர்களோ குற்றத்துக்கு ஆளாகியிருக்கிறீர்களா, கைதாகியிருக்கிறீர்களா, போலீஸில் உறவினர் உண்டா, இந்த வழக்கில் வரும் யாரையாவது தெரியுமா. பெரிய வழக்குகளில் இது பல பக்கக் கேள்வித்தாளாக வரும். 1994-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மேல் நடந்த கொலை வழக்கில் 294 கேள்விகள். 2024-இல் நியூயார்க்கில் டொனால்ட் டிரம்ப் வழக்கில் 42. அந்த நியூயார்க் வழக்கில் முதல் நாள் வந்த 96 பேரில் பாதிக்கு மேல், நடுநிலையாக இருக்க முடியாது என்று தாங்களே சொல்லி வெளியேறினார்கள். நாடே இரண்டாகப் பிரிந்து பார்க்கிற ஒரு மனிதரின் வழக்கில் அத்தனை பேர் ஒளிக்காமல் அப்படிச் சொன்னதை நான் நல்ல அறிகுறியாகத்தான் பார்க்கிறேன்.

வக்கீல்களின் கேள்விகள் வேறு மாதிரி. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் பலரும் விரும்பிக் கேட்பது இது: "இந்த நிமிடமே தீர்ப்புச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?" பத்தில் எட்டுப் பேர், "இன்னும் எதுவும் கேட்கவில்லையே, எப்படிச் சொல்வது?" என்பார்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் சட்டப்படி பதில் ஒன்றுதான்: குற்றவாளி அல்ல. நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க அரசுத் தரப்புடையது, சாட்சியம் எதுவும் வராத நேரத்தில் அவர் நிரபராதி. தராசுத் தட்டு சமமாகத் தொடங்குவதில்லை, அவர் பக்கம் சாய்ந்துதான் தொடங்குகிறது. இந்த ஒரு கேள்வியால் முழு அறையும் ஒரு பாடம் கற்றுக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்தது, "அவர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேசவே இல்லை என்றால், ஏதோ மறைக்கிறார் என்று நினைப்பீர்களா?" இங்கே நம்மவர்கள் தடுமாறுவதுண்டு. தப்புச் செய்யாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறான் என்பது நம் ஊரில் ஊறிய எண்ணம். பேசாமல் இருப்பது அவருடைய உரிமை, அதை அவருக்கு எதிராகக் கணக்கில் எடுக்கவே கூடாது. இது உங்களுக்குக் கஷ்டமாகப் படுகிறது என்றால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். சொல்வதில் எந்தத் தவறும் இல்லை.

அரசுத் தரப்பு வேறு பக்கத்திலிருந்து வரும். ஒரே ஒரு சாட்சி, வேறு ஆதாரம் இல்லை, ஆனால் அவர் சொல்வதை நீங்கள் முழுதாக நம்புகிறீர்கள், அதை வைத்துக் குற்றவாளி என்பீர்களா? கலிஃபோர்னியா சட்டத்தில் ஒரு சாட்சி போதும். கைரேகை, டிஎன்ஏ இல்லாமல் எதையும் நம்ப மாட்டேன் என்று டிவி தொடர் பார்த்துப் பழகியவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கேள்வி. கண்ணால் பார்த்த சாட்சியம், சூழ்நிலைச் சாட்சியம் என்ற வேறுபாட்டுக்கு ஜூரிகளுக்கான அறிவுரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மழை பெய்வதைப் பார்த்தேன் என்று ஒருவர் சொல்வது நேரடிச் சாட்சியம். மழைக்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட ஒருவர் உள்ளே வருவதைப் பார்த்தேன் என்பது சூழ்நிலைச் சாட்சியம். இரண்டையும் சட்டம் ஏற்கிறது. ஐடி வேலையில் இருக்கும் நம் ஆட்களிடம் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள். இன்ஜினியர் என்றால் நூறு சதவீத உறுதி கேட்பார் என்று சில வக்கீல்களுக்கு ஒரு நம்பிக்கை. சட்டம் கேட்பது நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணத்தை. கணக்கில் வரும் நிரூபணத்தை அல்ல.

பதில் சொல்லும் விதம் பற்றி நம்மவர்களுக்கென்றே இரண்டு விஷயம். ஒன்று, வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே நடப்பதெல்லாம் எழுத்தில் பதிவாகிறது, தலையசைவு பதிவாகாது. நம் ஊர்த் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. இன்னொன்று இதைவிட முக்கியம். நீதிபதி உயரத்தில் உட்கார்ந்து, "அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு நியாயமாக நடந்துகொள்வீர்கள், இல்லையா?" என்று கேட்கும்போது, பெரியவர் கேட்கிறார் என்று மரியாதைக்கு "சரிங்க" என்று வந்துவிடும். அங்கே "சரி" என்பது மரியாதைச் சொல் அல்ல, உறுதிமொழியின்மேல் கொடுக்கும் பதில். உங்கள் தங்கையைக் குடிபோதையில் வண்டி ஓட்டிய ஒருவன் இடித்திருக்கிறான், இப்போது வந்திருப்பது அதே மாதிரி வழக்கு. "ஒதுக்கிவைக்கப் பார்ப்பேன், ஆனால் அந்த நினைப்பு வரும், முடியுமா என்று எனக்கே நிச்சயமில்லை" என்றால் அதுதான் சரியான பதில். கூட்டத்தில் சொல்ல முடியாத விஷயம் என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நீதிபதியும் வக்கீல்களும் மட்டும் இருக்கும் இடத்தில் கேட்பார்கள். வீட்டில் நடந்த வன்முறை, சிறுவயதில் நடந்த கொடுமை என்று எத்தனையோ பேர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, யாரை அனுப்புகிறார்கள் என்ற கேள்வி. இரண்டு வழி.

முதல் வழி, காரணம் காட்டி நீக்குவது. இவரால் நடுநிலையாக இருக்க முடியாது என்று நீதிபதியை ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும். இதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. கருத்தே இல்லாத மனிதரை யாரும் தேடவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். போலீஸ் மேல் கோபம் இருக்கலாம், மரண தண்டனை தப்பு என்று நினைக்கலாம். அந்தக் கருத்தைத் தாண்டி, சாட்சியத்தையும் நீதிபதி சொல்லும் சட்டத்தையும் வைத்து முடிவெடுக்க முடியுமா என்பதுதான் அளவுகோல். மரண தண்டனை வழக்குகளைப் பற்றி 1968-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. பொதுவாக அந்தத் தண்டனையை எதிர்க்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரை நீக்கக் கூடாது என்றது.

இரண்டாவது வழிதான் எனக்கு நேர்ந்தது. பெரம்ப்டரி சேலஞ்ச் என்பார்கள். காரணம் சொல்லாமலே நீக்கும் உரிமை. கலிஃபோர்னியாவில் பெரிய குற்ற வழக்குகளில் ஒவ்வொரு தரப்புக்கும் பத்து, ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்கு என்றால் இருபது. ஃபெடரல் கோர்ட்டில் பெரிய குற்றங்களுக்கு அரசுக்கு ஆறு, எதிர்த்தரப்புக்குப் பத்து. நீதிபதி கண்டுகொள்ளாத ஒரு வெறுப்பை வக்கீல் மோப்பம் பிடித்தால் அவருக்கு ஒரு வழி இருக்கட்டும் என்பது இதன் நியாயம். ஆனால் காரணம் சொல்ல வேண்டாத ஓர் உரிமையை மனிதர்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள்?

கறுப்பின மக்களை ஜூரியில் உட்காரவிடாத சட்டம் செல்லாது என்று 1880-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தில் அடைத்த கதவு கேள்வி நேரத்தில் திறந்துகொண்டது. வரச்சொல்வார்கள், உட்காரவைப்பார்கள், நன்றி கூறி அனுப்பிவிடுவார்கள். கென்டக்கியில் ஜேம்ஸ் பேட்சன் என்ற கறுப்பினத்தவர் மேல் வழக்கு. குழுவில் இருந்த நான்கு கறுப்பினத்தவரையும் அரசு வக்கீல் நீக்கினார். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி தண்டித்தது. 1986-இல் உச்ச நீதிமன்றம், இனத்தை வைத்து நீக்கக் கூடாது, சந்தேகம் எழுந்தால் வக்கீல் காரணம் சொல்ல வேண்டும் என்றது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதற்கு எட்டு வருடம் முன்பே, 1978-இல், இதே வழியில் போயிருந்தது. 1994-இல் ஆண், பெண் என்று பார்த்து நீக்குவதற்கும் தடை வந்தது. பேட்சன் வழக்கில் நீதிபதி தர்குட் மார்ஷல் மட்டும் இது போதாது என்றார். வக்கீல்கள் ஏதாவது ஒரு காரணத்தைச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள், இந்த உரிமையையே எடுத்துவிட்டால்தான் தீரும் என்று எழுதினார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, வயது குறைவு, முகம் கடுகடுவென்று இருந்தது என்று காரணங்கள் வந்தன. ஜார்ஜியாவில் 1987-இல் நடந்த ஒரு கொலை வழக்கில் அரசுத் தரப்பின் குறிப்புத் தாள்கள் சுமார் இருபது வருடம் கழித்து வெளியே வந்தன. கறுப்பினத்தவர் பெயர்கள் பச்சை நிறத்தில் கோடிடப்பட்டு, பக்கத்தில் "பி" (பிளாக், கறுப்பினத்தவர்) என்று குறிக்கப்பட்டிருந்தன. 2016-இல் அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தள்ளியது.

என்னை உலுக்கியது கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் வழக்கு. 1996-இல் மிசிசிப்பியில் வினோனா என்ற சின்ன ஊரில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். ஒரே குற்றத்துக்காக ஃபிளவர்ஸை ஆறு முறை விசாரித்தார்கள், ஆறு முறையும் ஒரே அரசு வக்கீல். ஆறு விசாரணைகளிலும் சேர்த்து அவரால் நீக்க முடிந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை நீக்கினார். 2019-இல் உச்ச நீதிமன்றம் ஆறாவது விசாரணையின் கேள்விகளை எண்ணிப் பார்த்தது. நீக்கப்பட்ட ஐந்து கறுப்பினத்தவரிடம் கேட்கப்பட்டவை மொத்தம் 145 கேள்விகள். ஜூரியில் அமர்ந்த பதினொரு வெள்ளையரிடம் மொத்தம் 12. அங்கே ஆளுக்கு இருபத்தொன்பது, இங்கே ஆளுக்கு ஒன்று. தோண்டிக்கொண்டே போனால் யாரிடமும் ஏதாவது கிடைக்கும், தோண்டாமல் விட்டால் யாரும் சுத்தமானவர்தான். கோர்ட் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பைத் தள்ளியது. அடுத்த வருடம் அரசே வழக்கைக் கைவிட்டது. ஏறக்குறைய இருபத்து மூன்று வருடம் சிறையில் கழித்துவிட்டு வந்தார் அவர்.

அந்த எண்களைப் படித்த அன்று இரவு என்னுடைய மூன்று கேள்விகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. என் இழப்பை அவருடையதோடு ஒப்பிட மாட்டேன், எனக்குப் போனது ஓர் இருக்கை மட்டும்தான். ஆனால் வடிவம் ஒன்று. என்ன கேட்டார்கள் என்பதைவிட யாரிடம் எத்தனை கேட்டார்கள் என்பது அதிகம் சொல்கிறது.

இப்போது உங்கள் ஆங்கிலத்துக்கு வருகிறேன். 2022 முதல் கலிஃபோர்னியாவில் கிரிமினல் வழக்குகளுக்கு ஒரு புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பெரம்ப்டரி நீக்கத்தின் மேல் ஆட்சேபம் எழுந்தால் வக்கீல் காரணம் சொல்லியாக வேண்டும். அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை. நியாயமாகப் பார்க்கும் ஒருவருக்கு இனமோ பிறந்த நாடோ அதில் ஒரு பங்கு வகித்ததாகத் தோன்றக் கணிசமான வாய்ப்பிருந்தாலே ஆட்சேபம் ஏற்கப்படும். அதோடு, தொடக்கத்திலேயே செல்லாதவையாகக் கருத வேண்டிய காரணங்கள் என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள். போலீஸ் மேல் அவநம்பிக்கை, வசிக்கும் பகுதி, உடை, தோற்றம், வேலையில்லாமை இவற்றோடு, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாததும், வேறு மொழி பேசத் தெரிந்திருப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. இதை முதன்முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

வேண்டிய அளவு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற தகுதி இன்னும் இருக்கிறது. அது சாட்சியத்தைப் புரிந்துகொள்ளவும் மற்றப் பதினொரு பேருடன் பேசவும் வேண்டிய அளவு. உச்சரிப்பும் சரளமும் அதில் சேர்த்தி இல்லை. (நியூ மெக்சிகோவில் இந்தத் தகுதிகூட இல்லை, ஜூரருக்கு மொழிபெயர்ப்பாளரையே வைக்கிறார்கள்.) ஆங்கிலம் பற்றிக் கேட்டால், "வேலையிலும் வீட்டு விஷயத்திலும் ஆங்கிலம் பயன்படுத்துகிறேன், புரிகிறது, வேகமாகப் பேசினால் சில சமயம் திருப்பிச் சொல்லச் சொல்வேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். உண்மையிலேயே பாதிக்குமேல் புரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், ஒருவருடைய சுதந்திரம் அங்கே பணயத்தில் இருக்கிறது. ஆனால் புரிகிறவர்கள் "தெரியாது" என்று எழுந்து போனால், நம்மைப் பற்றி அந்த வக்கீல் 2009-இல் வைத்திருந்த எண்ணத்தை நாமே மெய்யாக்குகிறோம். நாளைக்கு நம் பிள்ளைகளில் ஒருவன் குற்றம் சாட்டப்பட்டு அங்கே உட்கார்ந்து உள்ளே வருகிறவர்களைப் பார்க்க நேர்ந்தால், தன்னைப் போல ஒரு முகமாவது தெரிகிறதா என்று தேடத்தானே செய்வான்?

பெரம்ப்டரி உரிமையே வேண்டாம் என்று சில இடங்களில் முடிவெடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து 1980-களின் இறுதியிலும், கனடா 2019-இலும், அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக அரிசோனா 2022-இலும் ஒழித்தன. எங்கள் அலுவலகத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வக்கீல்கள் இதை ஏற்பதில்லை. நீதிபதி தப்பவிட்ட ஓர் இனவெறியரை நீக்க எங்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அது என்கிறார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. இருந்தாலும் நான் மார்ஷல் பக்கம்தான். கேள்வி கேட்கக் கூடுதல் நேரம் கொடுங்கள், காரணம் காட்டி நீக்குவதை எளிதாக்குங்கள், காரணமில்லாமல் நீக்குவதை விட்டுவிடுங்கள் என்பேன்.

நம்மில் பலருக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் ஜூரி முறை 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. 1959-இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்ததும், உயர் நீதிமன்றம் அதை மாற்றியதும் பழைய கதை. இலங்கைத் தமிழர்களுக்கு அப்படியில்லை. அங்கே உயர் நீதிமன்றங்களில் ஏழு பேர் கொண்ட ஜூரி இன்றும் சட்டத்தில் உண்டு, எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவரே கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006-இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு சிங்களம் பேசும் ஜூரியின் முன் நடந்தது. 2016 டிசம்பரில் அந்த ஜூரி ஐந்து பேரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பை நினைவில் வைத்திருக்கும் ஒருவரிடம், ஜூரியில் யார் உட்காருகிறார்கள் என்பது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். முதல் நாள் மாலை, தபாலில் உள்ள குரூப் எண்ணை கோர்ட் வெப்சைட்டிலோ போனிலோ பாருங்கள். உங்கள் குரூப்பை வரவேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். வழக்கு எதைப் பற்றியது என்று தெரிந்த பிறகு கூகுளில் தேடாதீர்கள், வாட்ஸ்அப் குரூப்பில் எழுதாதீர்கள், வீட்டிலும் பேசாதீர்கள். ஜூரி டியூட்டிக்கு வரவில்லை, அபராதத்தை கிஃப்ட் கார்டில் கட்டு என்று யாராவது போன் செய்தால் அது மோசடி, வைத்துவிடுங்கள். கோர்ட் அறையில் ஏசி குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அப்புறம், உங்களைவிட அதிகமாக யாரையாவது கேள்வி கேட்கிறார்களா, அல்லது உங்களைத்தான் அதிகமாகக் கேட்கிறார்களா என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். போய்விட்டு வந்து, வழக்கு முடிந்த பிறகு, எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.